எட்டாம் அத்தியாயம்: வெள்ளை ஈயின் குலபேதமும் அதனை அடக்கும் உபாயங்களும்

பருத்தி விளையாத ஓர் ஊரின் தோட்டக்காரருக்கென எழுதப்படும் நூலிலே பருத்திப் பீடையொன்றுக்குத் தனி அத்தியாயம் எதற்கு என்று வாசகர் வினவுதல் நியாயமே. இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் பெருவீதியில், பெல்மதுளையைத் தாண்டி வரும் ஓப்பநாயக்கவிலும் அதனைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் பருத்திக்கு வேண்டிய நீண்ட வெயிற்காலம் கிடைப்பதில்லை. அப்பயிரைக் காண விரும்புவோர் ஹம்பாந்தோட்டை, மொனராகலைப் பக்கத்துச் சேனைகளுக்கே செல்ல வேண்டும். ஆயினும் பருத்தியை வருத்தும் வெள்ளை ஈ பருத்தியை மாத்திரம் நம்பி வாழும் ஜீவன் அன்று. கொழுந்து நிறுத்துப் போட்டு வந்த பின், எஞ்சிய மாலை வெளிச்சத்தில் லயத்தின் பின்புறத்தே கொத்திப் பண்படுத்திய சிறு பாத்திகளிலே மரவள்ளி, மிளகாய், தக்காளி, கத்தரி, பூசணி என்று எதை நட்டாலும் அங்கெல்லாம் அது குடியேறும். அதற்கு இரையாகும் தாவர இனங்கள் 500க்கும் மேற்பட்டவை. அன்றியும், இப்பூச்சியைப் பற்றி உலகம் இன்று அறிந்துள்ளவற்றுட் பெரும்பகுதி சூடான், குண்டூர், பஞ்சாப், அரிசோனா முதலிய பருத்திப் பிரதேசங்களிலே பெருநஷ்டத்தை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவாகும். அந்த விலையை நாமும் மீண்டும் ஒருமுறை கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் பூச்சியை நேரிற் கண்டு அறிதல் வேண்டும். காலையில், இலையின் ஈரம் உலருமுன், அதன் சிறகுகள் இன்னும் சுறுசுறுப்படையாத வேளையில், மிளகாய்ச் செடியின் உச்சியிலிருந்து மூன்றாம் அல்லது நான்காம் இலையைக் காம்பிற் பிடித்து மெல்லத் திருப்பினால், அடிப்புறத்தில் ஒரு மில்லிமீற்றர் நீளமே உள்ள வெண்ணிறப் பூச்சிகள், சிறகுகளை இருபுறமும் சரிவாக வைத்து, நடுவே மஞ்சள் உடல் ஒரு கோடாகத் தெரிய அமர்ந்திருக்கக் காணலாம். சிறிதே கை அதிர்ந்தாலும் அவை பறந்து எழுந்து, மறுகணமே அருகிலுள்ள இலையின் அடியில் மறைந்துவிடும். கைவில்லை கொண்டு நோக்கினால், சிறு காம்பினால் இலையிற் செருகப்பட்ட முட்டைகளும், முட்டையிலிருந்து வெளிவந்து சில மணி நேரம் ஊர்ந்து திரிந்தபின் வாயை இலையிற் குத்திக்கொண்டு அவ்விடத்திலேயே ஒட்டிக் கிடக்கும் தட்டையான மஞ்சட் குஞ்சுகளும், சிவந்த கண்கள் தெரியும் கூட்டுப்பருவமும் புலப்படும். வெப்பமான நாட்களில் முட்டை பூச்சியாவதற்கு ஏறக்குறைய மூன்று வாரங்களே போதும். ஒரு பெண்பூச்சி தன் ஆயுளில் நூறு, இருநூறு முட்டைகள் இடும். ஆகவே மேலே பறப்பவற்றைக் கண்டு மருந்தடித்து, அவை விழுந்துவிட்டன என்று திருப்தியடைபவர், இலையடியில் ஒட்டியிருக்கும் பெருங்கூட்டத்தைத் தொடாமலே விட்டவராகிறார்.

அதே இலையில் இன்னொன்றையும் பார்க்கப் பழகிக்கொள்வது மிகுந்த பிரயோஜனம் தரும். பூச்சி வெளியேறிய வெறுங்கூடுகளை உற்று நோக்கினால், சிலவற்றின் முதுகு நீளவாட்டிலும் குறுக்கிலும் பிளந்திருக்கும். அவற்றிலிருந்து வெள்ளை ஈயே பிறந்து போயிற்று என்று கொள்ளலாம். வேறு சில கூடுகளிலோ ஊசியாற் குத்தியெடுத்தாற் போன்ற வட்டத்துளை ஒன்று இருக்கும். அவற்றிலிருந்து வந்தது வெள்ளை ஈ அன்று. அதன் உடலுக்குள்ளோ அடியிலோ முட்டையிட்டு, அதையே தின்று வளர்ந்து வெளிவந்த என்கார்சியா, எரெட்மோசெரஸ் என்னும் நுண்குளவிகள். வட்டத்துளைகள் மிகுந்த இலையைக் காண்பவர் மருந்துப் போத்தலை அன்று திறக்காமலிருப்பதே உத்தமம். நச்சு மருந்து முதலிற் கொல்வது அந்தக் குளவிகளையே.

இவ்விடத்திலே இரு பூச்சிகளை ஒன்றெனக் கருதும் மயக்கத்தையும் நீக்கிவிட வேண்டும். மரவள்ளி இலையடியிலும் கொய்யா இலையடியிலும் வெள்ளை மெழுகினாற் சுருள் சுருளாகக் கோடிட்டு, அதன்மேல் முட்டையிடும் பூச்சியொன்று உண்டு. அளவில் இரு மடங்கு பெரிது. அது சுருள் வெள்ளை ஈ. வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. தென் இந்தியாவில் அது முதன்முதலாக 1993இற் கேரளத்திற் காணப்பட்டது. அதற்கு உறவான மற்றொன்று 2016இற் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் வெளிப்பட்டது. அண்மை ஆண்டுகளில் நமது சபரகமுவ மாகாணத்துக் கேகாலைப் பக்கத்திலும் தென்னைகள் அத்தகைய ஈக்களினால் கரிப்பூஞ்சணம் படர்ந்து கறுத்து நின்றதைப் பலரும் கண்டிருக்கின்றனர். தென்னை ஈக்கு மருந்தடித்தலினும் நுண்குளவியைக் காத்தலே மேல் என்பது பொள்ளாச்சியின் அனுபவம். இவை எவையும் வைரசு நோயைப் பரப்பும் தொழிலிற் பருத்தி வெள்ளை ஈக்கு நிகரானவை அல்ல; இனி வருவன யாவும் அச்சிறிய ஈயைப் பற்றியனவே.

பெமிசியா தபாசி என்னும் சாஸ்திரப் பெயரையுடைய இப்பூச்சியை, கிரேக்க தேசத்துப் புகையிலைச் செடியிற் கண்டு 1889இல் முதன்முதலாக விவரித்தவர் கென்னாடியஸ் என்னும் அறிஞர். பின்னர் நெடுங்காலம் உலகமெங்குமுள்ள இவ்வகை ஈக்கள் யாவும் ஒரே இனம் என்றே எண்ணப்பட்டன. ஏனெனில் உருவத்தால் அவற்றைப் பிரித்தறிய ஒரு குறியும் அகப்படவில்லை. 1986ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கண்ணாடி வீடுகளில் வளர்த்த அலங்காரச் செடிகளில் திடீரெனப் பெருகிய ஓர் ஈ, பழைய ஈ தொடாத பயிர்களையெல்லாம் தொட்டு, பழைய மருந்துகளுக்கு மடியாமல், சில ஆண்டுகளுக்குள் கலிபோர்னியாவின் பருத்தி வயல்கள் வரை நாசம் விளைத்தபோதுதான், ஒரே உருவத்துக்குள் பல குலங்கள் மறைந்திருக்கக் கூடும் என்னும் உண்மை விவசாயிகளுக்கும் உறைத்தது. அவ்வந்நியக் குலத்தை 1994இல் தனி இனமென்றே பெயரிட்டனர். பின்னர், பூச்சியின் உயிரணுக்களிலுள்ள இழைமணியின் பரம்பரையலகு ஒன்றை நாடுதோறும் எடுத்து ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர், நூற்றுக்கு மூன்றரைக்கு மேல் வேறுபடுவன வெவ்வேறு இனங்கள் என்று 2010இல் ஒரு வரம்பு கட்டினர். அவ்வரம்பின்படி எண்ணியபோது முதலில் 24 இனங்கள் என்றார்கள். இன்று எண்ணிக்கை 40ஐக் கடந்துவிட்டது.

இது பண்டிதர்களின் வாதம் மாத்திரமே என்று தோட்டக்காரர் ஒதுக்கிவிடலாகாது. இந்தியாவிலே ஆசியா ஒன்று, ஆசியா இரண்டு எனப் பெயரிட்டு மேலும் கிளைகளாக வகுக்கப்பட்ட சுதேசக் குலங்கள் பல உள்ளன. அவற்றுள் வடநாட்டுப் பருத்தியில் மேலோங்கி நிற்கும் கிளையே, 1967இல் முல்தானில் முதலிற் கண்டறியப்பட்டுப் பின்னர் பஞ்சாப், ராஜஸ்தான் எல்லைவரை பரவிய பருத்தி இலைச்சுருள் வைரசைத் திறம்படக் காவுவது. ஃபுளோரிடாவைக் கலக்கிய அந்நியக் குலமோ 1999இற் கர்நாடகத்தின் கோலார்த் தக்காளி வயல்களிற் காணப்பட்டது. ஒரு குலம் ஒரு வைரசை எளிதிற் காவும், மற்றது காவாது; ஒன்று ஒரு மருந்துக்கு மடியும், மற்றது மடியாது. அயலூரார் அடித்துப் பலன் கண்ட மருந்து நமது பாத்தியிற் பலிக்காமற் போவதற்கு மருந்துக்கடைக்காரரின் வஞ்சனையே காரணம் என்று எப்போதும் கருத வேண்டியதில்லை.

பரம்பரையலகைச் சோதிக்கும் ஆய்வுகூடம் கைக்கெட்டாத தோட்டக்காரருக்கு இயற்கையே ஓர் அடையாளத்தைத் தந்திருக்கிறது. அந்நியக் குலத்தின் குஞ்சுகள் பூசணிக்கொடியின் இலையடியில் இருந்து சாற்றை உறிஞ்சினால், அக்கொடியிற் புதிதாக விரியும் இலைகள் நரம்புகளிலிருந்து தொடங்கி வெள்ளிப்பூச்சுப் பெற்று மினுமினுக்கும். சுதேசக் குலங்கள் எத்தனை இருந்தாலும் இம்மாற்றம் நிகழ்வதில்லை. தக்காளி ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் பழுக்காமல் வரிவரியாக நிற்பதும் அந்நியக் குலத்தின் செயலே. பாத்தியின் ஓரத்தில் இரண்டொரு பூசணி நட்டு வைத்துப் புதுத்தளிர்களை வாரந்தோறும் கவனித்து வருபவர், செலவில்லாத சோதனைச்சாலையொன்றை வீட்டு வாசலிலேயே வைத்திருக்கிறார். வெள்ளி இலை தோன்றினால் விவசாயப் போதனாசிரியருக்கு உடனே அறிவித்தல் கடமை. ஏனெனில் அவ்வந்நியக் குலத்தின் ஆண்கள் சுதேசப் பெண்களை விடாது தொடர்ந்து, அவற்றின் சொந்த ஆண்களோடு கூடவொட்டாமற் செய்து, சில பருவங்களுக்குள் சுதேசக் குலத்தையே இல்லாமலாக்கிவிடுவதைச் சீனத்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டிருக்கின்றனர்.

இத்தகைய மாற்றங்கள் இவ்வளவு விரைவில் நேர்வதன் காரணம் இப்பூச்சியின் பிறப்பு முறையிலேயே அமைந்திருக்கிறது. வெள்ளை ஈயிற் கருக்கட்டிய முட்டை பெண்ணாகும். கருக்கட்டாத முட்டையும் வீணாகாமல் ஆணாகும். பெண்ணுக்குத் தாய் வழியும் தந்தை வழியுமாக நிறமூர்த்தங்கள் இரு தொகுதி. ஆணுக்குத் தாய் தந்த ஒரு தொகுதி மாத்திரமே. நஞ்சைத் தாங்கும் பரம்பரையலகு ஒன்று புதிதாகத் தோன்றி, ஒரு பெண்ணின் உடலில் மற்றத் தொகுதியால் மறைக்கப்பட்டு வெளிப்படாமல் இருந்தாலும், அது அவளுடைய மகனிடம் சென்றதும் மறைப்பதற்கு இணையின்றி முழுமையாக வெளிப்பட்டுவிடும். அவ்வேளையில் நாம் மருந்தடித்தால், சுளகிற் புடைப்பது போலத் தாங்கமாட்டாதவை பறந்து போக, தாங்கியவையே தங்கி நின்று அடுத்த சந்ததிக்குத் தந்தையாகும். மூன்று வாரத்துக்கு ஒரு சந்ததி. ஒரு வெயிற்காலத்திற் குறைந்தது நான்கு சந்ததி. வாரந்தோறும் அதே மருந்து. இக்கணக்கை மனத்திற் பதித்துக்கொண்டவர் வாரத்துக்கொருமுறை அடிக்கும் பழக்கத்தைத் தாமே கைவிடுவார். நஞ்சைச் சிதைக்கும் நொதியைத் தம் உடலில் மிகுதியாகச் சுரக்கும் ஈக்களும், நஞ்சு சென்று பற்றும் இடமே உருமாறிய ஈக்களும் இம்முறையிற் பல தேசங்களில் உண்டாகியிருக்கின்றன. போதாக்குறைக்கு, தாவரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் நஞ்சைச் செயலற்றதாக்கும் பரம்பரையலகு ஒன்றைப் பண்டைக்காலத்தில் ஒரு தாவரத்திலிருந்தே இவ்வீ கவர்ந்து தன்னுடையதாக்கிக்கொண்டது என்று 2021இற் கண்டுபிடித்திருக்கிறார்கள். இத்தகைய பகையை நஞ்சு ஒன்றினால் வென்றுவிடலாம் என்று நம்புவது பெரும் பேதைமை.

பருத்தி நிலங்களின் வரலாறு இதற்குச் சாட்சியம் சொல்லும். சூடானின் கெசீரா வயல்களிற் காய்ப்புழுவையும் தத்துப்பூச்சியையும் கொல்ல ஆண்டுதோறும் நஞ்சு தெளித்ததன் விளைவாக, அதுவரை சிறு தொல்லையாயிருந்த வெள்ளை ஈ 1970களில் முதற்பகையாயிற்று. அதன் இனிப்புக் கழிவு பஞ்சில் ஒட்டி, நூற்பாலைகள் அப்பஞ்சை வாங்கத் தயங்கும் நிலை வந்தது. 1980களின் நடுவில் ஆந்திரத்தின் குண்டூர்ப் பக்கத்திலே, புதிதாக வந்த செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளைக் காய்ப்புழுவுக்கென அளவின்றி அடித்த வயல்களில் அதே கதை நிகழ்ந்தது. பின்னர் குண்டூரை அடுத்த லாம் ஆராய்ச்சி நிலையத்தார் காஞ்சனா என்னும் ஈ தாங்கும் பருத்தியை உருவாக்க வேண்டியதாயிற்று. 2015இற் பஞ்சாபில் நேர்ந்தது இவற்றினும் கொடிது. காய்ப்புழுவை எதிர்க்கும் பீட்டிப் பருத்தி அங்கே நிலமெங்கும் நிறைந்திருந்தது. ஆனால் அந்த எதிர்ப்புச் சக்தி சாறு உறிஞ்சும் பூச்சியைச் சிறிதும் தடுப்பதன்று. காலந்தாழ்ந்த விதைப்பும், மழைக்குறைவும், ஒன்றோடொன்று கலந்தடித்த மருந்துகளும் சேர, பயிரின் பெரும்பகுதி அழிந்தது. நஷ்டஈடு கேட்டு விவசாயிகள் ரயிற்பாதையில் அமர்ந்தனர். அதே காலத்தில், தமிழ்நாட்டுக் கரிசல் மண்ணின் கருங்கண்ணிப் பருத்திக்கு உறவான நாட்டுப் பருத்தி இனத்தை இலைச்சுருள் நோய் அணுகவில்லை என்பதைக் கருத்துடையோர் கவனித்தனர். பயிரின் பரம்பரையிலும் தாங்கும் குணம் உண்டு. அதை மறந்துவிட்டுப் பூச்சியின் பரம்பரையோடு மாத்திரம் போராடுகிறோம் என்பது இதை எழுதுபவனின் நெடுநாளைய ஆதங்கம்.

நல்வழி கண்ட தேசங்களும் உண்டு. இஸ்ரேலியப் பருத்தி விவசாயிகள் 1987 முதல் ஒரு மருந்தைப் பருவத்தில் ஒருமுறைக்கு மேற் பயன்படுத்துவதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டனர். அரிசோனாவில் 1996 முதல், ஈயின் வளர்ச்சியைக் குலைத்து, நன்மை செய்யும் பூச்சிகளைப் பெரிதும் விட்டுவைக்கும் புப்ரொபெசின், பைரிப்புரொக்சிபென் என்னும் இரு மருந்துகளை, ஒவ்வொன்றும் பருவத்துக்கு ஒருமுறை என்னும் நிபந்தனையோடு அனுமதித்தார்கள். மருந்து பாதி வேலையைச் செய்ய, பிழைத்திருந்த குளவியும் பொறிவண்டும் மீதி வேலையை முடித்தன. தெளிப்புகள் பெரிதும் குறைந்தன.

இனி நமது பாத்திக்கு வருவோம். மரவள்ளியைப் பொறுத்தவரையில் ஈயைத் தேடி அலைவதற்கு முன் தடியைச் சோதிக்க வேண்டும். இலையில் மஞ்சளும் பச்சையும் தேமலாகப் படர்ந்து, விரல்கள் கோணிச் சிறுத்திருந்தால் அது மரவள்ளித் தேமல் நோய். அதனை உண்டாக்கும் வைரசுகளுள் ஒன்று நமது நாட்டின் பெயரையே தாங்கி, இலங்கை மரவள்ளித் தேமல் வைரசு என 2002இற் பெயரிடப்பட்டது; தமிழ்நாட்டிலும் மலிந்துள்ள அது, 2015இற் கம்போடியாவிற் கண்டறியப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளுக்குள் வியட்நாம், தாய்லாந்து வயல்களையும் பற்றிக்கொண்டது. கடல் கடந்து அதைக் கொண்டு சென்றது ஈயின் சிறகு என்பதினும் மனிதன் காவிச் சென்ற நடுகைத் தடி என்பதே பொருத்தம். உறவினர் கொடுத்தனர், நல்ல கிழங்கு என்றனர் என்பதற்காகத் தடியை வாங்கி நடாமல், அந்தத் தாய்ச்செடியின் இலையைத் தாமே கண்ணாற் பார்த்து, தேமலில்லாத செடியிலிருந்து மாத்திரம் தடி எடுக்க வேண்டும். நட்ட இரண்டு மாதத்துக்குள் தேமல் காட்டுபவற்றைப் பிடுங்கி அகற்ற வேண்டும். நோயுற்ற செடிக்கு மருந்தடித்தல் வீண். வைரசு ஏறிய செடியை எந்த மருந்தும் குணப்படுத்தாது.

மிளகாய் இலை சுருண்டால் ஈயின் மீதே பழி போட்டுவிடக் கூடாது. இலையின் விளிம்பு மேல்நோக்கிச் சுருள்வது பெரும்பாலும் இலைப்பேனால். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீள்வது சிற்றுண்ணியால். நரம்பு தடித்து, இலை சிறுத்து மஞ்சளித்து, செடியே குட்டையாகிவிட்டால்தான் வைரசையும் ஈயையும் சந்தேகிக்க வேண்டும். வைரசு இளம்பருவத்தில் ஏறினாற்றான் விளைச்சல் முற்றாகப் போகும்; ஆதலால் நாற்றங்காலை அங்குலத்துக்கு 50 கண்ணுள்ள நுண்வலையால் மூடி வளர்த்தல், பின்னாலே பத்து முறை மருந்தடிப்பதைவிட மேலான காவல். பாத்தியைச் சுற்றி இரண்டு வரிசை சோளம் முன்னதாகவே விதைத்து வேலியாக்கலாம். கான் ஓரத்தில் நீலப்பூப் பூத்து நிற்கும் பூம்புல்லின் நரம்புகள் மஞ்சள் வலையாகத் தெரிந்தால், அது ஈக்கும் வைரசுக்கும் இருப்பிடமாயிற்று என்று அறிந்து, நாற்று நடுவதற்கு முன்பே அதைக் களைந்துவிட வேண்டும்.

நம் பக்கத்துக் கடுமழை இவ்வீக்கு இயற்கைப் பகை; அடைமழை நாட்களில் இலையடிகள் கழுவப்பட்டு அதன் தொகை தானே தாழும். பெருகும் காலம் தை, மாசி, பங்குனி. ஆகவே மார்கழியிலேயே காய்த்து ஓய்ந்த பழைய மிளகாய், கத்தரிச் செடிகளைப் பிடுங்கிப் புதைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் அந்நிலத்தில் ஈயின் தீனி எதுவுமில்லாமல் விட்டுப் பின்னர் புதிதாக நடுதல் நன்று. மஞ்சள் நிறம் தீட்டிய தகரத் துண்டுகளில் ஆமணக்கெண்ணெய் தடவி, செடியின் உயரத்துக்கே கட்டி வைத்தால், ஈயின் வரவை முன்னறிவிக்கும். எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று எதிர்பார்த்தல் தவறு.

பருத்தியில் இலைக்கு 6 ஈக்களைக் காலையில் எண்ணிய பின்பே தெளிக்கலாம் என்பது பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தின் விதி. எண்ணாமல் அடிக்காதிருத்தல் என்னும் அப்பழக்கத்தையாவது நாம் கைக்கொள்ளலாம். முதலில் 10 லீற்றர் நீருக்கு 50 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும், அது கலப்பதற்குச் சிறிது சவர்க்காரக் கரைசலும் சேர்த்து, தெளிகருவியின் வாயை மேல்நோக்கித் திருப்பி, இலையடி நனையுமாறு மாலையில் அடிக்க வேண்டும். இதனால் அடங்காதபோதே நஞ்சு மருந்து. அங்கேயும் போத்தலின் வர்த்தகப் பெயரைப் பார்த்து மருந்தை மாற்றிவிட்டதாக எண்ணுவது பெருவழக்கமான தவறு: இமிடாக்ளோபிரிட், தயாமெதொக்சாம், அசெட்டாமிபிரிட் மூன்றும் பெயரால் மூன்று, ஈயின் உடலில் அவை பற்றும் இடம் ஒன்றே. ஒன்றைத் தாங்கப் பழகிய ஈ மற்ற இரண்டையும் பெரும்பாலும் தாங்கிவிடும். சிட்டையிலுள்ள செயற்படு பொருளின் பெயரை வாசித்து, ஒரே இடத்தைப் பற்றும் மருந்துகள் அடங்கிய குழுவையே மாற்ற வேண்டும். ஒரு குழுவைப் பருவத்துக்கு ஒருமுறைக்கு மேல் நாடலாகாது. பைரித்திராய்டு வகையை இவ்வீக்கு முற்றாகவே விலக்கிவிடலாம்.

லயத்துப் பாத்திகள் ஒன்றையொன்று ஒட்டியவை என்பதால், ஒரு வீட்டார் மாத்திரம் இவ்விதியைக் கைக்கொள்வதாற் பலன் பாதியே. பத்து வீட்டார் ஒரே காலத்திற் பழைய செடியை அகற்றி, ஒரே குழு மருந்தை ஒரே வாரத்தில் அடித்து நிறுத்த உடன்பட்டால், அப்பத்துப் பாத்திகளும் ஈயின் கண்ணுக்கு ஒரே வயலாகும். இவையெல்லாம் செய்தும் ஈ மடியவில்லையெனில் மருந்தின் அளவைக் கூட்டுவது ஆகாது. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலோ, பிரதேசப் போதனாசிரியரிடமோ தெரிவித்து, அவர் மாதிரி கேட்டால், உயிருள்ள ஈக்கள் இருபது முப்பதைச் சிறு போத்தலிற் பிடித்து உடனே செறிந்த அற்ககோலில் இட வேண்டும். உலர்ந்தோ அழுகியோ போன பூச்சியிற் பரம்பரையலகைச் சோதிக்க இயலாது. பயிர், ஊர், திகதி, கடைசியாக அடித்த மருந்தின் பெயர் ஆகியவற்றைச் சிறு கடதாசியிற் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போட வேண்டும். பேனை மையால் எழுதினால் அற்ககோல் பட்டதும் எழுத்துக் கரைந்துவிடும்.